பாறைக்குள் எவ்வளவு அழுத்தம்? வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து (போர்) எண்ணெய்க் கிணறு வரை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் புவியியல் படித்துவிட்டு ரிக் (எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை) வேலைக்கோ, மட் லாகிங் (தோண்டும்போது வெளிவரும் சேற்றையும் வாயுவையும் கவனிப்பது) வேலைக்கோ கிளம்புகிற பிள்ளைகள் ஊரில் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, மூணு கிலோமீட்டருக்குக் கீழே பாறைக்குள்ள என்ன அழுத்தம் இருக்குன்னு தோண்டறதுக்கு முன்னாடியே எப்படிச் சொல்றாங்க?"

முதலில் கணிக்கிறார்கள். தோண்டும்போது கிணறு காட்டும் அறிகுறிகளை வைத்து அந்தக் கணிப்பைத் திருத்துகிறார்கள். மணல்பாறை மாதிரி திரவம் ஓடக்கூடிய பாறை வந்தால் கருவியை இறக்கி நேராக அளக்கிறார்கள். மூன்றும் வேறு வேறு வேலை. புதிதாக வருகிறவர்கள் சூத்திரத்தில் திணறுவதில்லை, சூத்திரம் பத்தாம் வகுப்புக் கணக்குதான். கையில் இருக்கும் எண் கணித்ததா அளந்ததா, எந்தப் பாறையில் வந்தது, எந்த ஆழத்தைக் கணக்கில் வைத்தது என்று பிரித்து வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் ஒரே கோடாக இழுத்துவிடுகிறார்களே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. எண் தப்பினால் என்ன ஆகும் என்று கேட்டால், 1995 ஜனவரியில் ஆந்திராவின் பாசர்லபூடியில் கட்டுப்பாடு இழந்த எரிவாயுக் கிணற்றில் பற்றிய தீ 2 மாதத்துக்கும் மேல் எரிந்தது. அழுத்தம் கை மீறிப் போனால் எதுவரை போகும் என்பது புரிய அந்த ஒன்று போதும்.

வீட்டுப் போரிலேயே ஆரம்பியுங்கள்

திருச்செங்கோட்டு வண்டி வந்து போர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். 120 மீட்டரில் தண்ணீர் அகப்பட்டது என்பார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் 40 மீட்டரிலேயே வந்து நிற்கும். 80 மீட்டர் உயரத்துக்கு அதை மேலே தள்ளியது எது? பாறையின் துளைகளுக்குள் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே அழுத்தத்தில் இருந்தது, நாம் துளை போட்டதும் ஏறிவிட்டது, அவ்வளவுதான். 10 மீட்டர் தண்ணீருக்குச் சதுர செ.மீ.க்கு 1 கிலோ என்று வைத்துக்கொண்டால், 120 மீட்டரில் துளை அழுத்தம் 8 கிலோ. உங்கள் முதல் அளவீடு முடிந்தது.

இதைக் கையாலேயே செய்து பாருங்கள். மோட்டார் இறக்காத பழைய போர் ஒன்று கிடைத்தால் நல்லது, மோட்டார் இருக்கும் போரில் கயிறு விட்டால் கேபிளோடு சிக்கிக்கொள்ளும். அளவு நாடாவின் முனையில் சிறிய எடை கட்டி இறக்கி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கத்துப் போரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, உங்கள் போரில் மட்டம் எப்படித் திரும்ப ஏறுகிறது என்று முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறையும் பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் எழுதுங்கள். வரைபடம் போட்டால் முதலில் விறுவிறு என்று ஏறி, போகப் போகத் தயங்கி, கடைசியில் படுத்துவிடும் ஒரு வளைகோடு வரும். மணற்கல்லில் சீக்கிரம் படுக்கும். சிவகங்கைக்கு மேற்கே கடும்பாறைப் போர்களில் இழுத்துக்கொண்டே போகும். பின்னாளில் எண்ணெய்க் கிணற்றில் அழுத்தமானியை இறக்கும்போதும் திரையில் இதே வளைகோட்டைத்தான் பார்ப்பீர்கள், அதனால் இதைக் கண்ணுக்குப் பழக்குவது வீண் வேலை இல்லை. வேலை முடிந்ததும் போர் வாயை இறுக மூடிவிட்டுத்தான் நகர வேண்டும்.

அடைபட்ட நீரின் வலு எப்படிப்பட்டது என்பதற்கு நெய்வேலியைச் சொல்லலாம். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் நீர்த்தாங்கியின் அழுத்தத்தை ராப்பகலாகத் தண்ணீர் இறைத்துக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்; இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரையே கீழிருந்து பொங்கிப் பிளந்துவிடும். இத்தனைக்கும் அது சில நூறு அடி ஆழம்தான்.

நம் செட்டிநாடு இருப்பது காவிரிப் படுகையின் மேற்கு ஓரத்தில். மேற்கே போனால் கடும்பாறை தரைக்கு வந்துவிடும், கிழக்கிலும் தெற்கிலும் ராமநாதபுரம், பாக் நீரிணை நோக்கிப் போகப் போகப் படிவுப்பாறை தடித்துக்கொண்டே போகும். இந்தப் படுகையின் முதல் எண்ணெய்த் தேடல் கிணறு 1964இல் காரைக்காலில் தோண்டப்பட்டது; ராமநாதபுரம் மாவட்டத்தில் இப்போது எரிவாயு எடுக்கிறார்கள். ஆக, இந்த வேலை நமக்கு எட்டாத தூரத்தில் நடப்பதில்லை.

கணக்கின் அடிப்படை

நம் நாட்டு ரிக்குகளில் மீட்டரும் கிலோவும் நிறையப் புழங்குகின்றன. மீட்டரில் ஆழம், தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும். வெளிநாட்டு ரிக்கில் பிஎஸ்ஐ, அடி, ஒரு கேலனுக்கு எத்தனை பவுண்டு என்று பேசுவார்கள், அங்கே 0.052 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். இரண்டு முறையிலும் மனசுக்குள்ளேயே கணக்குப் போடப் பழகிக்கொள்ளுங்கள்.

3000 மீட்டர் ஆழத்தை எடுத்துக்கொள்வோம். மேலே இருக்கும் பாறை, அதற்குள் இருக்கும் நீர் எல்லாம் சேர்த்துச் சராசரி அடர்த்தி 2.30 என்றால் மேற்சுமை 690 கிலோ. பாறையின் துளைகள் தரை வரை ஒன்றோடொன்று தொடர்புள்ளவை, உள்ளே உப்பு நீர், அடர்த்தி 1.03 என்றால் இயல்பான துளை அழுத்தம் 309 கிலோ. மீதி 381 கிலோவைப் பாறையின் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தித் தாங்குகின்றன. நம் ஊர்ப் பழைய கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை போட்டால் இரண்டு பக்கமும் காசு பிசகாமல் பொருந்த வேண்டும் என்பார்களே, இங்கேயும் அப்படித்தான்: மேற்சுமை ஒரு பக்கம், துகள்கள் தாங்குவதும் நீர் தாங்குவதும் மறுபக்கம். நீரின் பங்கு கூடினால் துகள்களின் பங்கு குறைந்தே ஆக வேண்டும். 1920களில் டெர்சாகி என்ற பொறியாளர் மண் இயக்கவியலுக்காகச் சொன்ன இந்த ஒரே விதியின் மேல்தான் துளை அழுத்தக் கணிப்பு முழுவதும் நிற்கிறது.

நீரின் பங்கு ஏன் கூடுகிறது? களிமண் படிவு வேகவேகமாகக் குவிந்தால், உள்ளே இருக்கும் நீர் வெளியேற வழியும் நேரமும் கிடைக்காமல் அடைபட்டு, மேலே சேரும் சுமையைத் தானே தாங்க ஆரம்பிக்கிறது. இதுதான் பெரும்பாலான இடங்களில் முதல் காரணம். கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் வடபர்ரு ஷேல் (களிமண் இறுகி உண்டான பாறை) அதிக அழுத்தத்துக்குப் பேர் போனது. இன்னும் ஆழத்தில், சூடு ஏறிய இடத்தில், கரிமப் பொருள் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறும்போதும், ஸ்மெக்டைட் களிமண் இல்லைட்டாக மாறும்போதும் அழுத்தம் கூடும். இந்த இரண்டாவது வகையைத் தனியாக நினைவில் வையுங்கள், கீழே திரும்பவும் வரும்.

வாயு இருந்தால் மட்டுமே போதும், வேறு காரணம் எதுவும் வேண்டாம் என்ற நிலைமையும் உண்டு. 2200 மீட்டரில் வாயுவும் நீரும் சந்திக்கும் இடம், அங்கே இயல்பான அழுத்தம் 226.6 கிலோ. வாயுவின் அடர்த்தி 0.25, தூணின் உயரம் 200 மீட்டர் என்றால் உச்சியில், அதாவது 2000 மீட்டரில், 221.6 கிலோ இருக்கும். அந்த ஆழத்துக்கு இயல்பு 206தான். 15.6 கிலோ அதிகம், வாயு இலேசாக இருப்பதால் மட்டுமே.

ஆழம் என்றால் எந்த ஆழம்

இதற்குத் தனித் தலைப்பு வேண்டுமா என்று தோன்றலாம், கட்டாயம் வேண்டும். சாய்வாகத் தோண்டும் கிணற்றில் குழாயின் நீளம் 3000 மீட்டர் இருந்தாலும் செங்குத்து ஆழம் 2600ஆக இருக்கலாம். அளந்த அழுத்தம் 390 கிலோ. பாறையின் அழுத்தத்தை எதிர்த்துப் பிடிக்கக் கிணற்றுக்குள் நிரப்பும் கனத்த திரவம்தான் சேறு; 3000ஆல் கணக்குப் போட்டால் 1.30 அடர்த்திச் சேறு போதும் என்று வரும், 2600ஆல் போட்டால் 1.50 வேண்டும். முதல் எண்ணை நம்பிச் சேறு கலக்கினால் பாறையில் இருக்கும் திரவம் கிணற்றுக்குள் புக ஆரம்பித்துவிடும். ஆழத்தை ரிக் தளத்திலிருந்து எடுத்தார்களா, தரையிலிருந்தா, கடல்மட்டத்திலிருந்தா என்பதையும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், மூத்தவர்களும் இதைக் கேட்டுத்தான் உறுதி செய்வார்கள்.

தோண்டுவதற்கு முன்: கணிப்பு

பக்கத்தில் ஏற்கெனவே தோண்டிய கிணறுகளின் கோப்பை எடுங்கள். அதில் பயன்படுத்திய சேற்றின் அடர்த்தியை அப்படியே துளை அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது அன்றைக்கு அவர்கள் பாதுகாப்புக்கு வைத்திருந்த எண், அவ்வளவுதான். கருவியால் அளந்தது, கிணறு கிக் அடித்த (பாறையின் திரவம் கிணற்றுக்குள் பாய்ந்த) ஆழம், சேறு பாறைக்குள் ஓடிப்போன ஆழம், லீக்-ஆஃப் சோதனை (பாறை பிளக்காமல் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது): இந்த நான்கும்தான் கெட்டியான சான்று. கிணறே இல்லாத புது இடத்தில் நில அதிர்வு ஆய்வின் வேகத்தை வைத்துத்தான் கணிக்க முடியும். துளைக்குள் நீர் அதிகம் தங்கியிருக்கும் பாறையில் ஒலி மெதுவாகப் போகும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் அது மொத்தமான படம், பத்துப் பன்னிரண்டு மீட்டர்ப் படிவையெல்லாம் பிரித்துக் காட்டாது.

பக்கத்துக் கிணற்றின் சோனிக் லாக் (ஒலி பாறையைக் கடக்கும் நேரத்தை ஆழவாரியாகக் காட்டும் பதிவு) இருந்தால் 1975இல் ஈட்டன் தந்த முறையில் தொடங்கலாம். காமா கதிர் லாகைப் பார்த்து ஷேல் புள்ளிகளை மட்டும் பிரித்தெடுங்கள். மணலையும் சுண்ணாம்பையும் தொடாதீர்கள், ஏனென்றால் சுமை ஏற ஏற ஒழுங்காக இறுகுவது ஷேல்தான். கிணற்றுச் சுவர் கரைந்து அகலமான இடங்களையும் விட்டுவிடுங்கள். பிறகு அழுத்தம் இயல்பாக இருக்கும் மேல்பகுதியில் புள்ளிகள் போகும் போக்கை வைத்து ஒரு கோடு இழுத்துக் கீழே வரை நீட்டுங்கள்.

3000 மீட்டரில் அந்தக் கோட்டின்படி ஒலி ஒரு அடியைக் கடக்க 80 மைக்ரோ விநாடி ஆக வேண்டும், லாகில் இருப்பதோ 95 என்று வையுங்கள். 80ஐ 95ஆல் வகுத்தால் 0.842. அதன் மும்மடி 0.597. இயல்பில் துகள்கள் தாங்க வேண்டிய 381ஐ இதனால் பெருக்கினால் 227.5. மேற்சுமை 690இலிருந்து கழித்தால் 462.5 கிலோ, அதாவது 1.54 அடர்த்திக்குச் சமம். மின்தடை லாகை வைத்தும் இதையே செய்யலாம், அப்போது மூன்றுக்குப் பதில் 1.2 என்ற அடுக்கு.

இதில் எல்லாரும் வழுக்கும் இடம் அந்தக் கோடு. அதைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்தால் ஒரு விடை, வலதுபக்கம் சாய்த்தால் வேறு விடை, வேண்டிய விடையை வரவழைக்கும்படி இழுத்துவிடவும் முடியும். அதனால் நான் எப்போதும் மூன்று கோடு இழுக்கச் சொல்வேன்: நம்பும் கோடு ஒன்று, நியாயமாக இழுக்கக்கூடிய இரண்டு ஓரங்கள். மேலாளருக்கு ஒற்றை எண் வேண்டும் என்றாலும் ஓரங்களையும் சேர்த்தே கொடுங்கள்.

இன்னொன்று, மேலே சொன்ன இரண்டாவது வகை. பாறை ஒழுங்காக இறுகி முடித்த பிறகு, சூட்டினால் பிறந்த வாயு உள்ளே அழுத்தத்தைக் கூட்டினால், பாறை திரும்ப விரியாது, துளையின் அளவும் அதிகம் மாறாது. அடர்த்தி லாக் இயல்பாகவே காட்டும், ஒலி மட்டும் மெதுவாகும். அப்படிப்பட்ட இடத்தில் ஈட்டனின் மூன்று என்ற அடுக்கு உண்மையைவிடக் குறைவான அழுத்தத்தைத்தான் தரும், அதுதான் ஆபத்து. 1995இல் பவர்ஸ் இந்த நிலைக்கென்று தனி வழி தந்தார். சோனிக்கையும் அடர்த்தியையும் ஒன்றுக்கொன்று வரைந்து பாருங்கள். புள்ளிகள் வழக்கமான பாதையை விட்டு விலகி, அடர்த்தி மாறாமல் ஒலி மட்டும் மெதுவாகிக்கொண்டு போனால் உடனே மூத்தவரிடம் காட்டுங்கள்.

தோண்டும்போது: கிணறு பேசுவதைக் கேளுங்கள்

மட் லாகிங் அறையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒரே ஷேலில் துரப்பணம் காரணம் இல்லாமல் வேகமாக இறங்குகிறதா? எடை, சுழற்சி, பாறையை வெட்டும் முனையான பிட்டின் அகலம் எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்யும் டி-எக்ஸ்போனென்ட் என்ற அளவை ஜோர்டனும் ஷர்லியும் 1966இல் தந்தார்கள். சேற்றின் அடர்த்திக்கான திருத்தம் 1971இல் சேர்ந்தது. ஷேல் இறுக இறுக இது கூடிக்கொண்டே போக வேண்டும். கூடாமல் திரும்பிக் குறைய ஆரம்பித்தால் அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகப்படுங்கள். பிட்டை மாற்றினால் கோடு குதிக்கும், மணல் வந்தாலும் குதிக்கும், செயற்கை வைரம் வைத்த பிடிசி பிட்டில் அவ்வளவு நம்பகமும் இல்லை, ஆகையால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

வாயு அளவு இதைவிட நன்றாகப் பேசும். பம்ப் ஓடும்போது சேற்றின் உரசல் சேர்ந்து கிணற்றடியில் 1.63க்குச் சமமான அழுத்தம் இருக்கும், குழாய் சேர்க்கப் பம்பை நிறுத்தினால் அது 1.60க்கு இறங்கும். அந்தச் சில நிமிடத்தில் பாறை கொஞ்சம் வாயுவை உள்ளே விட்டால், சேறு மேலே வந்து சேரும் நேரம் கழித்து ஒரு முனையாகத் தெரியும். இதுதான் கனெக்ஷன் கேஸ். ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் அந்த முனை உயர்ந்துகொண்டே வந்தால் துளை அழுத்தம் உங்கள் சேற்றை நெருங்கிவிட்டது என்று அர்த்தம், அடுத்த குழாய் சேர்க்கும்வரை காத்திருக்காமல் டிரில்லரிடம் சொல்லுங்கள்.

ஷேக்கருக்கு (வெளிவரும் சேற்றிலிருந்து பாறைத் துண்டுகளைப் பிரிக்கும் சல்லடை) போய் நில்லுங்கள், திரையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் போதாது. பிட் வெட்டிய துண்டு சிறியது. அதைவிடப் பெரிதாக, நீளமாக, ஈட்டி முனை மாதிரிச் சிராய் சிராயாக வந்தால் சேற்றைவிட ஷேலின் அழுத்தம் கூடிச் சுவர் தானே தெறிக்கிறது. கோணல் மாணலான கனத்த துண்டுகள் வந்தால் அது பெரும்பாலும் சுவர் நொறுங்குவது, காரணம் வேறு. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும், படம் பார்த்துப் பழக முடியாது. குழாய் இறுகுவது, கிணற்றடியில் துண்டுகள் சேர்வது, வெளியே வரும் சேற்றின் சூடு, இவையும் துணைச் சாட்சிகள்.

நேரடி அளவீடு

1970களின் நடுவில் வந்த ஆர்எஃப்டி, அதன் பின் வந்த எம்டிடி போன்ற கருவிகள் கிணற்றுச் சுவரில் ஒரு ரப்பர் அட்டையை அழுத்தி, நடுவில் இருக்கும் குழலைப் பாறையோடு ஒட்டி, 10, 20 மி.லி. திரவத்தை மட்டும் உறிஞ்சிவிட்டுக் காத்திருக்கும். அழுத்தம் விழுந்து, திரும்ப ஏறி, படுக்கும். படுத்த இடம்தான் அளவு.

நம்பலாமா என்று பார்க்கச் சில வழிகள். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் சேற்றின் அழுத்தம் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஏறிய அழுத்தம் நேராகச் சேற்றின் அழுத்தத்துக்கே போய் நின்றால் அட்டை ஒட்டவில்லை. விழுந்தது ஏறவே இல்லை என்றால் பாறை இறுகியது. அரை மணி நேரம் காத்திருந்தும் பயனில்லை, அரை மீட்டர் தள்ளி வேறு இடம் பாருங்கள். ஓரளவு இறுகிய பாறையில் சேற்றிலிருந்து வடிந்த நீர் சுற்றிலும் தேங்கி உண்மையைவிட அதிகமாகக் காட்டுவதும் உண்டு. ஓரிரு புள்ளி மட்டும் கோட்டுக்கு வலப்பக்கம் தள்ளி நின்றால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

நல்ல புள்ளிகள் கிடைத்துவிட்டால் திரவம் என்ன என்பதும் தெரிந்துவிடும். 10 மீட்டருக்கு 0.25 கிலோ கூடினால் வாயு, 0.8 கூடினால் எண்ணெய், 1.03 கூடினால் உப்பு நீர். வித்தியாசம் இவ்வளவு சிறியது என்பதால் மானி கிணற்றின் சூட்டுக்குப் பழகும் வரை பொறுத்து, எல்லாப் புள்ளியையும் ஒரே திசையில் போய் எடுப்பது நல்லது.

ஷேலில் இப்படி அளக்கவே முடியாது, அதற்குள் திரவம் அவ்வளவு மெதுவாக நகரும். ஆகவே கணிப்பு ஷேலுடையது, அளவு மணலுடையது. இரண்டும் பொருந்தாவிட்டால் உடனே ஒன்று தவறு என்று முடிவு செய்யாதீர்கள். சாய்ந்து கிடக்கும் நீளமான மணல்படிவில் நீர் உள்ளுக்குள்ளேயே மேலும் கீழும் தொடர்புடன் இருப்பதால், உச்சியில் மணலின் அழுத்தம் சுற்றியுள்ள ஷேலைவிடக் கூடுதலாகவும் அடியில் குறைவாகவும் இருக்கும். உச்சியைக் குறிவைத்துத் தோண்டும் கிணற்றில் ஷேல் கணிப்பை மட்டும் நம்பிப் போனால் மணலுக்குள் நுழைந்த கணமே கிக் வரலாம்.

மேல் எல்லை

சேற்றைக் கனமாக்கிக்கொண்டே போகவும் முடியாது, பாறை பிளந்துவிடும். கேசிங் (கிணற்றுச் சுவரைக் காக்கும் இரும்புக் குழாய்) இறக்கிச் சிமென்ட் போட்டு, அதன் அடிமுனையான ஷூவுக்குக் கீழே சில மீட்டர் புதுப் பாறை தோண்டிவிட்டு, கிணற்றை மூடி மெதுவாகப் பம்ப் செய்து லீக்-ஆஃப் பார்ப்பார்கள். அழுத்தம் நேர்கோட்டில் ஏறி வளையத் தொடங்கும் இடம்தான் வேண்டியது. ஷூ 2200 மீட்டரில், சேறு 1.35, மேலே 90 கிலோவில் வளைந்தது என்றால், 297உம் 90உம் சேர்த்து 387 கிலோ, 1.75க்கு மேல் தாங்காது. கீழே 1.54 கணிப்பு, மேலே 1.75. இந்த இடைவெளிக்குள்தான் சேறும், பம்ப் உரசலும், குழாயை இறக்கும்போது வரும் கூடுதல் தள்ளலும் அடங்க வேண்டும். இடைவெளி சுருங்கினால் அடுத்த கேசிங் போடும் நேரம் வந்துவிட்டது.

கிக் வந்தே விட்டால்

கிணற்றை மூடுவது டிரில்லரின் வேலை, அதில் குறுக்கே போகாதீர்கள். மூடிய பிறகு டிரில் பைப்பில் அழுத்தம் நிலைத்ததும் எண்ணை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். 3000 மீட்டரில் சேறு 1.50 என்றால் 450 கிலோ, பைப்பில் 25 கிலோ காட்டினால் பாறையின் அழுத்தம் 475, அதாவது 1.58. கேசிங் பக்க எண்ணை இதற்கு எடுக்கக் கூடாது, அந்தப் பக்கம் எவ்வளவு வாயு எந்த அடர்த்தியில் கலந்திருக்கிறது என்று தெரியாது. பைப்புக்குள் சுத்தமான சேறு இருப்பதால்தான் அந்த எண்ணை நம்பலாம். 1.54 என்று கணித்த இடத்தில் 1.58 வந்திருக்கிறது என்றால் அன்றைக்கே கோட்டைத் திருத்தி, கீழே மீதம் இருக்கும் ஆழத்துக்கும் கணக்கைப் புதிதாகப் போட்டு, பழைய கோட்டை அழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேரும் முன்பே கை பழக வேண்டும் என்றால், நார்வேயின் வோல்வே எண்ணெய் வயலின் முழுத் தரவையும் ஈக்வினார் 2018இல் பொதுவில் வைத்தது. லாக், அன்றாடத் தோண்டல் அறிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு கிணற்றை எடுத்து, அழுத்தம் அளந்த புள்ளிகளை மறைத்து வைத்துவிட்டு, சோனிக்கை மட்டும் வைத்து எக்செல்லில் மூன்று கோடு இழுத்துக் கணியுங்கள். அப்புறம் மறைத்ததைத் திறந்து, எந்த ஆழத்தில், எந்தப் பாறையில் விலகியது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.